ஊருணியில் தண்ணீர் கிடக்கிறதா?

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 மணிக்கு வெளிவேலையை நிறுத்திவிட வேண்டும். மூன்று மணி வரை வெயிலில் யாரும் நின்று வேலை பார்க்கக் கூடாது என்பது அரசு விதி. நான் துபாயில் ஏசி மெக்கானிக். பாதி கழற்றிய யூனிட்டை மொட்டைமாடியில் அப்படியே விட்டுவிட்டு, படிக்கட்டு நிழலில் துண்டை விரித்துச் சாய்கிற அந்த இரண்டரை மணி நேரத்தில்தான், 2019-ல், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புகைப்படப் போட்டிக்குப் படம் எடுத்தேன்.

துபாய் இளவரசர் ஷேக் ஹம்தான் பெயரில் 2011 முதல் நடந்துவரும் பன்னாட்டுப் போட்டி அது. சுருக்கமாக ‘ஹிப்பா’ என்பார்கள். ஆண்டுக்கு ஒரு தலைப்பு. அப்போது முதல் பரிசு 1,20,000 டாலர். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கலந்துகொள்ளலாம். அந்த வருடம் அவர்கள் கொடுத்த தலைப்பு: தண்ணீர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல். காவிரிப் பாசனம் எட்டாத வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய், இல்லாவிட்டால் போர்வெல். எங்கள் பக்கத்து ஆள் ஒருவனைக் கூப்பிட்டுத் தண்ணீரைப் பற்றி ஏதாவது சொல் என்றால் விடிய விடியச் சொல்வான். நமக்கே வைத்த தலைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கையில் இருந்தது ஒரு பழைய நிக்கான் கேமரா. கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய கேரளத்து நண்பர் ஒருவர் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனது. ஆனால் துபாயில் கேமராவைத் தூக்கியதும் முதலில் பயம்தான் வரும். அனுமதி இல்லாமல் ஒருவரைப் படம் எடுப்பது அங்கே குற்றம். அரசுக் கட்டடம், விமான நிலையம் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. பொழுதுபோக்க வந்த சுற்றுலாப் பயணி சிரித்துக்கொண்டே தப்பிவிடலாம். விசாவை நம்பி வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிற எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. ஆகவே மனிதர்களை விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த தண்ணீரை எடுத்தேன்.

ஏசி தண்ணீர். வளைகுடாவின் ஈரக்காற்று உள்ளே இருக்கும் குளிர்ந்த காயிலில் பட்டு வேர்க்கும். அந்த வேர்வை டிரெயின் பைப் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். புழுக்கமான நாளில் ஒரு பெயின்ட் வாளி நிறைய அதிக நேரம் ஆகாது. நாங்கள் தங்கியிருந்த கட்டடத்தில் அந்த வாளியை வைத்துத்தான் தரை துடைப்போம். யாரோ ஒரு புண்ணியவான் மாடியில் வைத்திருந்த துளசிச் செடிக்கு ஊற்றுவோம். கடல் நீரைக் காய்ச்சியும் வடித்தும் குடிக்கிற ஊரில், காற்றிலிருந்து ஓசியாக வருகிற தண்ணீர் அது ஒன்றுதான். வெள்ளை வாளி, அதன் விளிம்பில் காய்ந்த நீலப் பெயின்ட், உள்ளே நடுங்குகிற தண்ணீரில் எதிர்க் கட்டடத்தின் தலைகீழ் நிழல். நாற்பது ஐம்பது தடவை எடுத்திருப்பேன்.

இன்னொரு படமும் கைவசம் இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறி எங்கள் மாவட்டத்தையும் உழுதுவிட்டுப் போனது. விழுந்த மின்கம்பங்களுக்குக் கணக்கில்லை. கரன்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. சேதி கேட்டு அவசர விடுப்பில் ஊருக்குப் போனேன். தொட்டி நிரப்ப வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். எதிரே நீலம், மஞ்சள், பச்சை என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசை. ஆள் வேலைக்குப் போய்விட்டால் இடம் போய்விடும் என்று குடத்துக்குக் குடம் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். நல்ல படம். எடுத்துக்கொண்டு நின்றேன். வரிசையில் இருந்த அம்மாவின் குரல் கேட்டது:

“வந்தவன் நாலு கொடம் தூக்கிக் குடுக்கிறானா பாரு. போட்டோ புடிச்சுக்கிட்டு நிக்கிறான்.”

வரிசையே சிரித்தது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு குடம் தூக்கினேன்.

போட்டிக்கு இரண்டில் ஒன்றை மட்டும் அனுப்புவது என்று வைத்துக்கொண்டேன். வாளியா, குடமா? அறையில் இருந்த அத்தனை பேரும் குடத்துக்கே ஓட்டுப் போட்டார்கள். “கஷ்டம் தெரியுதுல்ல, அதுக்குத்தான் பரிசு குடுப்பான்” என்றார் ஒரு திருநெல்வேலிக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் உறுத்தியது. அதே போட்டியில் அதற்கு முந்தைய தலைப்பு ‘நம்பிக்கை’. அதற்கான முதல் பரிசு, 2019 மார்ச்சில், வியட்நாமின் ஒரு தாயையும் பிள்ளைகளையும் காட்டும் படத்துக்குப் போயிருந்தது. எடுத்தவர் மலேசியாக்காரர். சில நாளில் இன்னொரு படம் வெளியே வந்தது: அதே தாய், சுற்றிலும் கேமராவும் கையுமாகப் பல பேர். அது நடிக்கவைத்து எடுத்தது அல்ல என்று பரிசு பெற்றவர் மறுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த இரண்டாவது படத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. அந்த வட்டத்தில் நானும் ஒருவனாக நிற்பதாகத் தோன்றியது. வாளியை அனுப்பினேன்.

பரிசு கிடைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொங்கா தீவுகளின் கடலில் குட்டியோடு உறங்கும் ஒரு திமிங்கிலத் தாயை எடுத்திருந்த ஆஸ்திரேலியப் பெண்ணுக்குப் போனது. அதைப் பார்த்த பிறகு என் வாளியை நானே மன்னித்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது தோற்ற கதை அல்ல. 2019 ஜூன் மாதம் நடந்த வேறொன்று.

அப்போது டி.வி.யைத் திறந்தால் சென்னையின் வறண்ட ஏரிகள். எனக்கு எங்கள் தெரு ஊருணி நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அக்கா மகளுக்கு போன் போட்டேன்.

“ஊருணில தண்ணி கெடக்கா?”

“தெரியல மாமா. அந்தப் பக்கமே போறதில்ல.”

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

அரை மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். “ஒன்னும் இல்ல மாமா. நடுவுல கொஞ்சமாக் கெடக்கு. அதுல ஒரு எருமை படுத்திருக்கு.”

“அதையே எடுத்து அனுப்பு.”

வாட்ஸ்அப்பில் வந்தது. பாளம் பாளமாக வெடித்த தரை. நடுவில் ஒரு பாய் அகலத்துக்குச் சேறு கலந்த தண்ணீர். அதில் கழுத்து வரை இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் எருமை. படத்தின் கீழ் ஓரத்தில், எடுப்பவளுக்கே தெரியாமல் விழுந்த நிழல்: ஒரு சைக்கிள், அதைப் பிடித்துக்கொண்டு இரட்டைச் சடையுடன் ஒரு பெண்பிள்ளை. நாற்பது ஐம்பது தடவை முயன்றும் என் வாளிக்குள் வராத ஏதோ ஒன்று அதில் முதல் தடவையிலேயே வந்திருந்தது. நான் அந்த ஊருணியில்தான் நீச்சல் பழகினேன். ஆனாலும் அந்தப் படத்தை என்னால் எடுத்திருக்க முடியாது. நான் எடுத்திருந்தால் அந்த நிழலை வெட்டியிருப்பேன்.

அவள் பெயரிலேயே எந்தப் போட்டிக்காவது அனுப்பலாம் என்று பார்த்தால், வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அஞ்சல் தலை அளவுக்கு ஆக்கியிருந்தது. அசல் எங்கே என்று கேட்டேன். “போன்ல எடம் இல்லன்னு அம்மா எல்லாத்தையும் அழிச்சிருச்சு மாமா.” இப்போது இருப்பது அந்தச் சிறு நகல் மட்டும்தான்.

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு ஊரிலிருந்து படம் வராத நாள் இல்லை. என்ன படம்? கான்கிரீட் போட்ட அன்று சென்ட்ரிங் பலகை மேல் நிற்கிற மாமன் மச்சான்கள். காதுகுத்து. வாங்கப்போகிற ஃபிரிட்ஜ். விமானம் ஏறித் திருச்சியில் இறங்கி வந்து சேர முடியாத சாவுக்கு, கடைசியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அனுப்புகிற முகம். எல்லாம் எங்கள் காசு போன இடத்துக்கும் எங்கள் கால் போக முடியாத இடத்துக்குமான ரசீதுகள். ஊர் என்கிற ஊர் அதில் இருப்பதில்லை. ஊரில் இருப்பவருக்கு அது தினம் பார்ப்பது, எடுக்கத் தோன்றாது. எங்களுக்குப் பார்க்கத் தோன்றும். எடுக்க அங்கே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அன்னவாசல் யார் கண்ணிலும் படாமல் மாறிக்கொண்டே இருக்கிறது.

அன்று அக்கா மகளை ஊருணிக்குப் போகவைத்தது ஒரு கேள்வி. போட்டித் தலைப்பு என்பதும் அதுதானே? துபாய்க்காரர்கள் ‘தண்ணீர்’ என்று கேட்டார்கள். பல வருடமாக நான் கொட்டிக்கொண்டிருந்த வாளியை அன்றுதான் குனிந்து பார்த்தேன். நான் ஊருணியைக் கேட்டேன். அவள் அன்றுதான் அதன் கரையில் ஏறினாள். தூரத்தில் இருப்பவனுக்கு இருக்கிற ஒரே வசதி, அவனுக்குக் கேட்கத் தோன்றுவதுதான். அந்தக் கேள்வியை அவன் கேட்கட்டும். ஊரில் இருப்பவர் எடுக்கட்டும். இப்படி ஒரு போட்டியை நம் சிற்றூர்கள் நடத்த வேண்டும் என்பதே என் கருத்து. அன்னவாசல் தொடங்கிவைக்கலாம்.

நகரங்கள் இதை எப்போதோ தொடங்கிவிட்டன. 2004 முதல் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி சென்னை தன் பிறந்த நாளைக் கொண்டாடுகிறது. பழைய படங்களின் கண்காட்சி, கேமராவுடன் நடை என்று அந்த வாரமே களைகட்டும். தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011 நவம்பர் தொடங்கி 2012 பிப்ரவரி வரை ஒரு ஊடகப் போட்டி நடத்தினார்கள். தமிழர் வாழ்க்கை தொடர்பான படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. நெதர்லாந்தில் 2010-ல் பிறந்து, 2012-ல் இந்தியாவுக்கும் வந்த விக்கி நினைவுச்சின்னப் போட்டியில் எங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதியதுபோல் ஒரு விதி உண்டு: படத்தைப் போட்டி மாதத்தில் பதிவேற்றினால் போதும், எடுத்தது எந்த வருடமாகவும் இருக்கலாம். ஐந்து வருடத்துக்கு முன் விடுப்பில் போனபோது எடுத்த சித்தன்னவாசல் படம் இன்று வளைகுடாவில் ஒரு பெட்டிக்குள் கிடந்தாலும் அதற்கு அங்கே இடம் உண்டு.

சித்தன்னவாசல் என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் இருப்பதும் ஒரு தண்ணீர்ப் படம்தான். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. விதானம் முழுக்கத் தாமரைத் தடாகம். மீன்கள், வாத்துகள், யானைகள், பூப்பறிக்கிற மூன்று ஆண்கள். கூடவே எருமை! பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது நாங்கள் யானையைத்தான் தேடினோம்; எருமையை யார் பார்ப்பார்கள்? அக்கா மகளின் படம் வந்த பிறகுதான் எனக்கு அந்த எருமை நினைவில் எழுந்தது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் வட்டாரத்தில் தண்ணீரும் எருமையும் ஒரே படத்தில் இருக்கின்றன. தாமரையும் மீனும்தான் காணாமல் போயின.

அதே குன்றில் நாவச்சுனை என்று ஒன்று உண்டு. சுனைக்குள்ளேயே பாறையைக் குடைந்த சிறு சிவன் கோயில். தண்ணீரை இறைத்தால்தான் லிங்கம் கண்ணில் படும். ‘தண்ணீர்’ என்ற தலைப்புக்கு உலகத்தில் எத்தனை ஊரில் இப்படி ஓர் இடம் இருக்கும்? சித்தன்னவாசல் என்று தேடினால் வருகிற நூறு படங்களில் இது எத்தனை தேறும்? புதுக்கோட்டை மாவட்டம் என்றால் வாடிவாசல் காளை, விராலிமலை மயில், சித்தன்னவாசல் தாமரை. வெளியிலிருந்து வருகிற கேமராவுக்கு இந்த மூன்று போதும். வெளியாரைச் சொல்லிக் குற்றமில்லை. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858-லேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தார். அவர் எடுத்த காட்சிகள் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன. அவர் வராமல் போயிருந்தால் நமக்கு அதுவும் இல்லை. ஆனால் நூற்று அறுபது வருடத்துக்குப் பிறகும் நம் ஊரை எடுக்க வேறு யாராவது வர வேண்டும் என்று இருப்பது சரியா?

போட்டி எப்படி நடக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தலைப்பு. அது ‘எங்கள் அழகிய ஊர்’ என்று இருக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் சூரிய அஸ்தமனம்தான் வரும். ‘ஊருணி’, ‘நிழல்’, ‘வாசல்’, ‘பூட்டிய வீடு’ என்று கையால் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். தலைப்பைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பட்டும். குலுக்கலில் ஒன்று எடுக்கலாம். எடுப்பது ஊரில் இருப்பவர்கள். கேமரா தேவையில்லை, போன் போதும். அசல் கோப்பாக அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக்கொடுத்தால் சுருங்காது. எங்கே, என்றைக்கு, எடுத்தது யார் என்று மூன்று வரி தமிழில் எழுதாத படத்தைச் சேர்க்கக் கூடாது. ஆட்களை எடுத்தால் அவர்களைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். துபாய்ச் சட்டத்துக்குப் பயந்து நான் கற்றுக்கொண்ட இந்த மரியாதையை ஊரில் யாருடைய மிரட்டலும் இல்லாமலே கடைப்பிடிக்கலாம்.

எங்களுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். அதே தலைப்புக்குப் பொருந்துகிற பழைய படம் யாரிடம் இருந்தாலும் அனுப்பலாம். பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே, ஸ்டுடியோ உறையில் ஊரைக் கொண்டுபோனவர்கள் நாங்கள். தாத்தா பின்னணியில் நிற்கிற ஊருணிப் படித்துறை ஏதாவது ஒரு ஜொகூர் வீட்டில் இன்னும் இருக்கும். பக்கத்தில் இன்றைய படத்தை மாட்டினால் எதுவும் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்றையும் விதியாகவே வைக்க வேண்டும்: படம் எடுத்தவருக்கே உரியது. சில போட்டிகளின் விதிகளைப் பொறுமையாகப் படித்தால், அனுப்பிய மறு நிமிடம் படம் நடத்துபவருக்குச் சொந்தம் என்று பொடி எழுத்தில் இருக்கும். பரிசுக் கோப்பை ஐந்நூறு ரூபாய். காலண்டரில் போட்டு விற்பது ஆயுளுக்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் அதைச் செய்யக் கூடாது.

நாள் எது? பொங்கல்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பலர் அப்போதுதான் வருவார்கள். புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் 1974 ஜனவரி 14. வடகிழக்குப் பருவமழை முடிந்து, குளத்தில் தண்ணீர் இருந்தால் அது தெரிகிற மாதமும் அதுதான். தேர்ந்த படங்களைப் பெரிதாக அச்சிட்டு நூலகத்திலோ பள்ளிச் சுவரிலோ பத்து நாள் மாட்டினால் போதும். செலவு, வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் பத்துப் பேர் ஒரு வாரச் சாயாவை விட்டால் வந்துவிடும்.

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை ஓடவில்லை, இதில் போட்டோ போட்டி ஒரு கேடா என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கண்மாய்க் கரையை யாரோ உடைத்துவிட்டார்கள், வாய்க்காலை யாரோ மறித்துவிட்டார்கள் என்று மனு கொடுக்கிறோம். வருவாய்த் துறையின் புலப்படம் எல்லைக் கோட்டைச் சொல்லும். தண்ணீர் எதுவரை நின்றது என்று அது சொல்லாது. ஒரே படித்துறையில் நின்று, ஒரே மாதத்தில், வருடா வருடம் எடுத்த பத்துப் படம் சொல்லும். பனிமலைகள் உருகுவதை உலகம் நம்பியது, அதே இடத்தில் நின்று எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான். மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள், கண்மாய்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவற்றில் எத்தனைக்குத் தேதி போட்ட ஒரு படம் இருக்கிறது?

நானும் அக்கா மகளும் எங்கள் அளவில் இதைத் தொடங்கிவிட்டோம். பொங்கலுக்கு ஒன்று, ஜூனில் ஒன்று. படித்துறையின் மூன்றாவது படி, இடது ஓரத்தில் வேப்பமரம் தெரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அவள் இப்போது புதுக்கோட்டையில் கல்லூரி முடிக்கப்போகிறாள்; இலுப்பூர் பஸ்ஸில் வந்து இறங்கி, பையோடு நேரே ஊருணிக்குப் போய் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரு வருடம் படி மறைய நிறைந்திருந்தது. ஒரு வருடம் வேப்பமரத்தில் பாதி இல்லை.

போன தடவை படத்தோடு ஒரு வரியும் வந்தது: “எப்பப் பாத்தாலும் நீங்கதான் கேக்குறீங்க மாமா. ஒங்க ஏசி தண்ணி வாளி என்னாச்சு?”

யோசித்துப் பார்த்தேன். கட்டடத்தில் நிறைய மாறிவிட்டது. டிரெயின் பைப்பைச் சாக்கடையோடு சேர்த்துவிட்டார்கள், வாளிக்கு வேலை இல்லை. துளசி எப்போது பட்டது என்று தெரியவில்லை. இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. மதிய இடைவேளையில் மாடிக்குப் போய், பைப் உள்ளே நுழைகிற அந்தச் சுவரைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். டாக்குமென்டாக.